என்ஜினைத் தூக்குவதற்கு முன் புக்கைத் திறந்து பாருங்கள்

ஹொண்டா சிவிக் ஈகே3 வைத்திருப்பவர் அதிலுள்ள டி15பி என்ஜினைக் கழற்றிவிட்டு, அதே தலைமுறை எஸ்ஐஆர் மொடலில் வந்த பி16ஏ-யைப் பூட்டிக்கொள்ளலாம். கொரோலா ஏஇ110-இல் 5ஏ-எஃப்இ இருந்த இடத்தில் ஏஇ111-இன் இருபது வால்வு 4ஏ-ஜிஇ உட்காரும். டெர்செல், கோர்சா, சைனோஸ் எல்லாம் ஸ்டார்லெட்டின் நெருங்கிய சொந்தங்கள். அதனால் ஸ்டார்லெட் கிளன்சாவின் டர்போ என்ஜின் அவற்றுக்கும் பொருந்தும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் நாலு கடை ஏறி இறங்கினால் என்ஜின், கியர்பொக்ஸ், வயரிங், என்ஜினை இயக்கும் கணினியான ஈசியூ எல்லாம் கிடைத்துவிடும். நல்ல மெக்கானிக் பாஸ் ஒருவர் அகப்பட்டால் வேலையும் சுத்தமாக முடியும்.

எது எதற்குப் பொருந்தும் என்று சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. பூட்டிய பிறகு எந்தக் கந்தோருக்கு எந்தத் தாளோடு போக வேண்டும் என்று சொல்லத்தான் ஆளில்லை. சேர்த்து வைத்த காசையெல்லாம் காருக்குள் போட்டுவிட்டு, அதை விற்கவும் முடியாமல், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணமும் வாங்க முடியாமல் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1951-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் திருத்தங்களும்தான் அடிப்படை. பதிவில் உள்ள விவரமும் ரோட்டில் ஓடும் வாகனமும் ஒன்றாக இருக்க வேண்டும். வாகனத்தில் மாற்றம் செய்தால் மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்தின் பதிவேட்டிலும் அது ஏற வேண்டும். சட்டத்தில் இவ்வளவு தெரிந்தால் போதும். கஷ்டமெல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதலில் உங்கள் பதிவுச் சான்றிதழை, அதுதான் நாம் புக் என்று சொல்வதை, எடுத்து மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படியுங்கள். பலர் வாங்கிய நாளோடு அதை அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள். செசி இலக்கம், என்ஜின் இலக்கம், என்ஜினின் சிசி, எரிபொருள், நிறம், பொடியின் வகை, ஆசன எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கும். டயர் அளவுகூட இருக்கும். அந்தத் தாளில் அச்சாகியிருக்கும் எதையாவது உங்கள் திட்டம் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் நீங்கள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போயே ஆக வேண்டும்.

நிறையப் பேர் விழும் குழி சிசி. டெர்செலின் 4இ-எஃப்இ-யும் கிளன்சாவின் 4இ-எஃப்டிஇ-யும் இரண்டுமே 1,331 சிசி. “சிசி மாறவில்லை, புக்கில் ஒன்றும் மாற்றத் தேவையில்லை” என்று கராஜில் சொல்வார்கள். அது பிழை. சிசி ஒன்றாக இருந்தாலும் என்ஜின் இலக்கம் வேறு. புக்கில் ஒரு இலக்கமும் என்ஜின் புளொக்கில் இன்னொரு இலக்கமும் இருக்கிற கார், பார்ப்பவர் கண்ணுக்குத் திருட்டுக் கார் மாதிரித்தான் தெரியும். டி15பி-யின் 1,493 சிசி-யிலிருந்து பி16ஏ-யின் 1,595 சிசி-க்கோ, 5ஏ-எஃப்இ-யின் 1,498-இலிருந்து 4ஏ-ஜிஇ-யின் 1,587-க்கோ போனால் இலக்கம், சிசி இரண்டுமே மாற வேண்டும். இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கேளுங்கள். இலக்கத்தை மட்டும் மாற்றி, சிசி பழையதாகவே அச்சாகி வந்தால் அதைத் திருத்த மறுபடியும் முதலிலிருந்து அலைய வேண்டும்.

அடுத்தது, என்ஜினைத் தொடாத ஆட்களுக்கான குழி. ஈஜி, ஈகே சிவிக்குகளின் பிரேக்கும் சஸ்பென்ஷனும் ஹொண்டாவின் இன்டெக்ரா டிசி2-வோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். அதனால் இன்டெக்ராவின் 262 மில்லிமீற்றர் முன் டிஸ்க்கை ஈகே3-க்குப் போடுவது எல்லோரும் செய்கிற வேலை. நல்ல வேலையும்கூட, பிரேக் பிடிப்பது பாதுகாப்புக்குத்தானே. ஆனால் அந்த டிஸ்க் 13 அங்குல ரிம்முக்குள் அடங்காது. ரிம்மைப் பெரிதாக்கினால் டயர் அளவு மாறும். டயர் அளவு புக்கில் இருக்கிறது. ஆக, பிரேக்கில் தொடங்கிய வேலை புக்கில் வந்து முடிகிறது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வாகனம் பரிசோதனைக்குப் போகும் நாளில் பரிசோதகர்தான் முதல் ஆளாகச் சொல்கிறார்.

சரி, யார் விண்ணப்பிக்கலாம்? பதிவு செய்யப்பட்ட உரிமையாளர். இந்த ஒரு சொல்லில்தான் பாதிப் பேர் சிக்குகிறார்கள். ஓபன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் விற்றவரின் கையெழுத்திட்ட தாளோடு மட்டும், வாங்கிய கார் என்றால், புக்கில் இன்னும் உங்களுக்கு முந்தியவரின் பெயரோ அவருக்கும் முந்தியவரின் பெயரோதான் இருக்கும். கைமாறி 14 நாட்களுக்குள் பெயர் மாற்ற வேண்டும் என்பது விதி. அதைச் செய்யாமல் என்ஜின் மாற்ற விண்ணப்பத்தை நீட்டினால் யாரும் வாங்க மாட்டார்கள். பெயர் மாற்றம் முதலில், என்ஜின் அப்புறம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரி வரை தனியார் கார் வராத காலத்தில், புதுக் கார் வாங்க வழியில்லாமல் எத்தனையோ பழைய கார்களுக்கு என்ஜின் மாறியது. அவற்றில் புக் மாறாதவை இப்போது கைமாறிக்கொண்டிருக்கின்றன. பழைய சிவிக், கொரோலா, ஸ்டார்லெட் வாங்கப் போகிறவர்கள், காசு கொடுப்பதற்கு முன் பொனட்டைத் திறந்து, புளொக்கில் குத்தியிருக்கும் இலக்கத்தைத் துணியால் துடைத்து, புக்கோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

லீசிங்கில் உள்ள காருக்கு இன்னொரு சிக்கல். புக்கில் முழு உரிமையாளர் என்று லீசிங் கம்பனியின் பெயர் இருக்கும், அசல் புக்கும் அவர்களிடம்தான் இருக்கும். அவர்களின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் எதுவும் நகராது. கிளையில் இருக்கும் பிள்ளை “பிரச்சினை இல்லை அண்ணா, செய்யுங்கள்” என்று வாயால் சொன்னது திணைக்களத்தில் செல்லாது. கடிதம் கையில் வந்த பிறகு மட்டும் ஸ்பானரைத் தூக்குங்கள்.

இனி, என்ஜினின் பிறப்புச் சான்று. திணைக்களம் முதலில் கேட்பது இந்த என்ஜின் எங்கிருந்து வந்தது என்பதைத்தான். கடையில் துண்டுத் தாளில் “என்ஜின் ஒன்று” என்று எழுதித் தருவதை வாங்காதீர்கள். கடையின் பெயரும் முகவரியும் அச்சான பில் வேண்டும். அதில் என்ஜின் இலக்கம் முழுதாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இறக்குமதி செய்த என்ஜின் என்றால் சுங்கத் தாளின் பிரதியையும் அப்போதே கேளுங்கள். காசைக் கொடுத்துவிட்டுப் பிறகு கேட்டால், “அந்தக் கொன்டெய்னர் தாள் வேறு ஆளிடம் இருக்கிறது” என்பார்கள். தாள் தர முடியாதென்றால் அந்த என்ஜின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

ஹாஃப் கட், அதாவது வெட்டி எடுத்த காரின் முன்பாதி, வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். ஹொண்டாவிலும் டொயோட்டாவிலும் பல மொடல்களுக்குச் செசி இலக்கம் என்ஜினுக்கும் ஆட்கள் இருக்கும் பகுதிக்கும் நடுவிலுள்ள தகட்டில், ஃபயர்வாலில்தான், குத்தியிருக்கும். வெட்டி வந்த முன்பாதியில் அந்தத் துண்டும் சேர்ந்தே வரும். என்ஜினையும் பாகங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தகட்டை உங்கள் காரில் ஒட்ட வைக்கச் சொல்லி யார் யோசனை சொன்னாலும் அந்தக் கராஜிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அது மாற்றம் என்ற கணக்கில் வராது, குற்றம்.

எங்கே போவது? என்ஜின், சிசி மாற்றம் எல்லாம் நாரஹேன்பிட்டி எல்விட்டிகல மாவத்தையிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத் தலைமையகத்தின் வேலை. திணைக்களத்தின் வெரஹெரக் கந்தோரை எல்லோரும் அறிவது சாரதி அனுமதிப்பத்திரத்துக்காக. பழக்கத்தில் அங்கே போய் ஒரு நாள் சம்பளத்தை இழக்காதீர்கள். வாகனத்துக்கான வருடாந்த லைசன் கொடுப்பது மாகாணத்தின் வேலை, அங்கே இதைப் பற்றிக் கேட்டால் கையை விரிப்பார்கள். விண்ணப்பம், புக், பில், சம்மதக் கடிதம், அதற்குமேல் மோட்டார் வாகனப் பரிசோதகரின் அறிக்கை என்று போகும். ஒரு மேசையில் கேட்பதை இன்னொரு மேசையில் கேட்கமாட்டார்கள், மூன்றாவது மேசையில் புதிதாக ஒன்றைக் கேட்பார்கள். குறை எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொல்லிவிட்டால் சனம் திரும்பத் திரும்ப வரவேண்டியதில்லை. அதை ஏன் செய்ய மாட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நீங்களே கேளுங்கள்: “இதைவிட வேறு என்ன வேண்டும், எழுதித் தாருங்கள்.” பில்லின் அசலை எந்த மேசையிலும் விட்டுவிட்டு வராதீர்கள், அசலைக் காட்டிப் பிரதியைக் கொடுங்கள்.

“ஒவ்வொரு வருடமும் லைசன் கிடைக்கிறதே, பிறகென்ன?” என்று கேட்பவர்களுக்கு: லைசன் புதுப்பிக்கும்போது பார்ப்பது இன்சூரன்சும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும். பொனட்டை யாரும் திறப்பதில்லை. புகைப் பரிசோதனையிலும் அளப்பது புகையை மட்டும்தான். அதில் தேறியது உங்கள் மாற்றத்துக்கு அனுமதி ஆகாது. 2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா வேலைத்திட்டத்தோடு பஸ், முச்சக்கர வண்டிகளின் மேலதிக பாகங்களைக் கழற்றப் பொலிஸார் இறங்கியதை மறக்காதீர்கள், இவ்வளவு காலம் யாரும் கேட்கவில்லை என்பதால் இனியும் கேட்கமாட்டார்கள் என்று ஆகாது.

இன்சூரன்சில்தான் பெரிய இழப்பு வருகிறது. ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது, தவணையும் பிந்தாமல் கட்டியாயிற்று என்ற நம்பிக்கையில் இருப்பார்கள். காரின் என்ஜின் மாறியது என்பது கம்பனிக்குச் சொல்லியே ஆக வேண்டிய விடயம். பெரிய விபத்துக்குப் பிறகு மதிப்பீட்டாளர் வந்து என்ஜின் இலக்கத்தைப் படமெடுப்பார். அது புக்கோடு பொருந்தாவிட்டால் க்ளெய்மை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. முகவரிடம் போனில் சொன்னேன் என்பது அன்று உதவாது. கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, பதிலையும் வாங்கி வையுங்கள்.

வாசலில் நிற்கும் புரோக்கரிடம் புக்கைக் கொடுக்காதீர்கள். அசல் புக் தொலைந்தால் என்ஜின் மாற்றத்தை மறந்துவிட்டுப் புது புக் எடுக்க அலைய வேண்டிவரும். உள்ளே யாராவது காசு கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954-க்கு அழையுங்கள். சிங்களப் படிவம் விளங்காவிட்டால் ஊகித்து நிரப்பாதீர்கள், தமிழ்ப் படிவம் கேளுங்கள். அரசியலமைப்பின் 18-ஆம் உறுப்புரைப்படி தமிழும் அரசகரும மொழி, கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. விண்ணப்பம் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால், 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அது எந்த மேசையில், எந்தக் காரணத்துக்காக நிற்கிறது என்று தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

புதுப் புக் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் என்ஜின் இலக்கம், சிசி, டயர் அளவு மூன்றையும் வாசித்துப் பாருங்கள். பி என்ற எழுத்து 8 ஆகவும், ஓ என்ற எழுத்து சைபராகவும் அச்சாவது உண்டு. அங்கேயே காட்டினால் அன்றே திருத்திக் கேட்கலாம், வீட்டுக்கு வந்து பார்த்தால் திரும்ப வரிசைதான். எல்லாம் சரி என்றால் ஒரு பிரதியை அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பனிக்கு அனுப்பிவிடுங்கள்.