வெறும் வயிற்றில் 98 இருந்தால் போதுமா?

பல்லடம், சோமனூர்ப் பக்கம் வைத்தியம் பார்க்கிற யாருக்கும் இது பழகிய பேச்சுதான்: “சுகரா? பார்த்தாச்சுங்க, ஒண்ணும் இல்லீங்க.” என்ன பார்த்தார்கள் என்று கேட்டால், காலையில் வெறும் வயிற்றில் ஒரு தடவை. 98 இருந்ததாம், அதோடு சரி. 98 நார்மல்தான். ஆனால் அந்த ஒற்றை எண்ணை வைத்து முடிவு கட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

வெறும் வயிற்றில் ரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் ராத்திரி முழுக்கக் கல்லீரல் விட்ட சர்க்கரை. சாப்பிட்ட பிறகு ஏறுவதை இறக்குவது வேறு வேலை. கணையம் உடனே இன்சுலின் சுரக்க வேண்டும், தசைகள் சர்க்கரையை உள்ளே இழுக்க வேண்டும். முதல் வேலை ஒழுங்காக நடக்கும்போதே இரண்டாவது தடுமாறலாம். நம் ஆட்களிடம் இது சகஜம். அவர்களுக்குக் காலை ரிப்போர்ட் அழகாகத்தான் வரும்.

சரி, அளவுகள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை. இதில் எது இருந்தாலும் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. ஊரில் ‘பார்டர்ல இருக்குது’ என்பார்களே, அதுதான். (உலக சுகாதார நிறுவனம் வெறும் வயிற்றுக் கணக்கை 110-ல் தொடங்குகிறது.) 126, 200, 6.5 என்று தொட்டால் சர்க்கரை நோய். அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு முறை பார்த்துத்தான் உறுதி செய்வோம். 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; பார்டரில் இருப்பவர்கள் அதைவிட அதிகம், 13.6 கோடி.

“சாப்பிட்ட பின்னாடியும் ரத்தம் குடுத்தேனுங்களே” என்பார்கள். என்ன சாப்பிட்டீர்கள்? “ரெண்டு இட்லிங்க.” தினமும் வட்டில் நிறைய அரிசிம்பருப்பு சாதம் சாப்பிடுகிறவர், அன்றைக்கு மட்டும் ரெண்டு இட்லி! இந்தத் தந்திரம் செல்லாத டெஸ்ட் ஒன்று உண்டு. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடித்துவிட்டு, 2 மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் கடைவீதிக்குப் போய்வரக் கூடாது, பீடியும் கூடாது. அதற்கு முந்தைய மூன்று நாளும் பத்தியம் வேண்டாம், வழக்கம்போலச் சாப்பிடுங்கள். முந்தின ராத்திரி சாப்பாட்டுக்கும் டெஸ்டுக்கும் 8 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். “சர்க்கரை போடாத டீதானுங்க குடிச்சேன்” என்றால் அன்றைக்குத் திரும்பிப் போகவேண்டியதுதான். பாலிலேயே சர்க்கரை இருக்கிறது. நைட் ஷிப்ட் முடித்து நேராகத் தறிப்பட்டறையிலிருந்து லேபுக்கு வருகிறார்கள். தூக்கம் கெட்டாலே சர்க்கரை ஏறும், நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் வாருங்கள்.

ஹெச்பிஏ1சிக்கு இந்தத் தொல்லை இல்லை, சாப்பிட்டுவிட்டே கொடுக்கலாம். ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்கள் பலருக்கு ரத்தசோகை இருப்பதால், ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்காமல் 5.9-ஐ நான் நம்புவதில்லை.

பார்டர் என்று தெரிந்ததும் முதலில் வீட்டில் மாறுவது சர்க்கரை டப்பாதான். வெள்ளைச் சர்க்கரை போய் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை வந்துவிடும். மணமும் ருசியும் எனக்கும் பிடிக்கும், ஆனால் இரண்டுமே கரும்பிலிருந்து வருகிற சுக்ரோஸ்தான். கருப்பட்டிக்கும் சலுகை கிடையாது.

மாத்திரை வேண்டுமா என்ற கேள்விக்கு நம் நாட்டிலேயே பதில் உண்டு. 2006-ல் வெளிவந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லாரும் அந்த 2 மணி நேர டெஸ்டில் பார்டர் என்று கண்டறியப்பட்டவர்கள். சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையால் 26.4. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் கூடுதல் பலன் இல்லை. அதனால் பெரும்பாலோருக்கு நான் மாத்திரையில் தொடங்குவதில்லை. “நாள் முழுக்கத் தறியோட நிக்கிறேனுங்களே” என்பதை மட்டும் நடைக்கணக்கில் சேர்க்க மாட்டேன். டெஸ்டை வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப எடுத்தாக வேண்டும்.

கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்கள் தனி. குழந்தை பிறந்ததும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள், பின்னால் நோய் வரும் வாய்ப்பு இவர்களுக்குத்தான் மிக அதிகம். பிரசவமாகி ஆறு வாரம் கழித்து அந்த குளுக்கோஸ் டெஸ்ட் அவசியம். குழந்தைக்குத் தடுப்பூசியும் ஆறாவது வாரம்தான் வருகிறது. அன்றைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பி வந்தால், அம்மாவின் டெஸ்டும் அதே நடையில் முடிந்துவிடும்.