ஒளி அலைக்கொம்பும் நிலைமாற்றப் பொருளும்

‘ஆன்டெனா’ என்ற லத்தீன் சொல்லின் முதற்பொருள் பாய்மரத்தின் குறுக்குமரம். பூச்சிகளின் கொம்பு பற்றி அரிஸ்டாட்டில் எழுதியதை 15ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்த்தபோது அது பூச்சிக்கும் பெயரானது. வானொலிக்கு வந்தது மார்க்கோனி காலத்தில். தமிழில் புழங்கும் ‘அலைவாங்கி’ வாங்குவதை மட்டுமே சொல்கிறது. ஆன்டெனா உமிழவும் செய்யும். கொம்பு என்றால் விலங்கின் கொம்பும் உண்டு, மரக்கொம்பும் உண்டு. ஆகவே ‘அலைக்கொம்பு’ என்பதே பொருத்தம்.

ஒளியை வாங்கி உமிழும் ஒளி அலைக்கொம்பு பெரும்பாலும் மிக நுண்ணிய தங்கக் குச்சிதான். சுற்றியுள்ள பொருளுக்குள் ஒளியின் அலைநீளம் சுருங்கும். அதில் ஏறக்குறையப் பாதி நீளமுள்ள குச்சி ஒத்ததிர்வு கொள்ளும், அதாவது அந்த ஒளிக்கு மிக வலுவாக அதிரும். வார்த்த குச்சியின் நீளத்தை மாற்ற முடியாது, சுற்றுப்பொருளை மாற்றலாம். அதற்குத்தான் நிலைமாற்றப் பொருள்: அணுக்கள் ஒழுங்கற்ற நிலைக்கும் ஒழுங்கான படிக நிலைக்கும் இடையே மாறக்கூடியது. இதைக் ‘கட்டமாற்றப் பொருள்’ என்பது குழப்பும். அலை தன் சுழற்சியில் நிற்கும் இடமான ‘கட்டமும்’ இதே துறையில் அடிக்கடி வரும்.

ஜெர்மேனியம், ஆன்டிமனி, டெல்லூரியம் 2:2:5 விகிதத்தில் சேர்ந்த படலம் இதற்குப் பெயர்பெற்றது. திரும்ப எழுதும் டிவிடியில் இருந்ததும் இந்த வகைக் கலவைதான். ஒழுங்கற்ற நிலையில் உள்ள படலம் சுமார் 150 டிகிரி செல்சியசைத் தாண்டினால் படிகமாகும். அண்மை அகச்சிவப்பில் (கண்ணுக்குத் தெரியும் சிவப்பை அடுத்த ஒளி) ஒளிவிலகல் எண் (அலைநீளம் எத்தனை மடங்கு சுருங்கும் என்பது) ஏறத்தாழ 4இலிருந்து 6க்கு மேல் ஏற, ஒத்ததிர்வு நீண்ட அலைநீளத்துக்கு நகரும். பாதி படிகமாக்கி நிறுத்தினால் இடைநிலைகளும் கிடைக்கும். சூட்டை எடுத்தபின்னும் அந்த நிலை அப்படியே நிற்கும்.

ஒழுங்கற்ற நிலைக்குத் திரும்பி வருவதுதான் கடினம். நானோநொடி லேசர்த் துடிப்பால் 600 டிகிரிக்கு மேல் உருக்கி, உடனே குளிர்விக்க வேண்டும். படலம் தடித்திருந்தால் வெப்பம் வெளியேறத் தாமதித்து மீண்டும் படிகமாகிவிடும்; பத்துக்கணக்கான நானோமீட்டர் தடிமன் பாதுகாப்பு. அந்தச் சூட்டில் தங்கக் குச்சியின் முனைகள் உருண்டுபோகும், தங்கம் படலத்துக்குள் ஊடுருவும். இடையே மெல்லிய தடுப்புப் படலம் தேவை. மேலே மூடாவிட்டால் காற்றில் ஆக்சிசனேற்றம் வேறு. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அண்மை அகச்சிவப்பிலும் படிக நிலை ஒளியை உறிஞ்சுவதால் ஒத்ததிர்வு மழுங்கும். அதனால்தான் ஜெர்மனியின் ஆஹன் நகர ஆய்வாளர்கள் 2013இல் உறிஞ்சல் இழப்பு குறைந்த, இன்னும் நீண்ட அலைநீளமுள்ள நடு அகச்சிவப்பைத் தேர்ந்தார்கள்.

இண்டியம், ஆன்டிமனி, டெல்லூரியம் கலவையின் போக்கு வேறு. படிகமானால் அகச்சிவப்பில் உலோகம்போல் நடக்கும். படலத்தின் மேல் லேசரால் அலைக்கொம்பையே வரையலாம், அழித்து நீளம் குறைக்கலாம்.