கல்லில் பறவை வாங்குவதற்கு முன்

சென்ற டிசம்பரில், கொடைக்கானலில் தங்கும் விடுதி நடத்தும் நண்பர் ஒருவர் துண்டில் சுற்றிய கல் பலகை ஒன்றை என் வீட்டு மேசைமேல் வைத்துப் பிரித்தார். "சார், 15 கோடி வருஷத்துப் பறவையாம். வரவேற்பறையில் மாட்டலாம்னு ஆன்லைன்ல வாங்கினேன். 18,000 ரூபாய்."

நான் கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுப்பவன். மலையில் குடியிருப்பதால் யாராவது ஒருவர் கல்லோடு வந்துகொண்டே இருப்பார். மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் பூண்டு நிலத்தில் கிடைத்த 'டைனோசர் முட்டை' வரும். வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரிந்து உருண்டையாகிப்போன பாறை அது. பெரணி இலை பதிந்த கல் வரும். அது இலையே அல்ல. பாறை வெடிப்பில் கசிந்த நீர் விட்டுச்சென்ற மாங்கனீசு, கிளை கிளையாகப் படிந்த கோலம். இதை டெண்டிரைட் என்பார்கள். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

பழனி மலையிலோ நீலகிரியிலோ பாறைக்குள் பறவைப் புதைபடிவம் கிடைக்க வழியே இல்லை. இங்கே இருப்பது பெரும்பாலும் சார்னோகைட். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், 800 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வெந்த பாறை. அப்படி வெந்தது 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு. பறவை இனம் தலைகாட்டியதோ ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அடுப்பு அணைந்து வெகுகாலம் கழித்து வந்த விருந்தாளியை அந்தச் சட்டிக்குள் தேடி என்ன பயன்? தொல்லுயிர் பார்க்க வேண்டுமென்றால் அரியலூர்ப் பக்கம் போக வேண்டும். அங்கேயும் பெரும்பாலும் கடல் உயிர்கள்தான். 2020இல் பெரம்பலூர் மாவட்டத்தில் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாக வாட்ஸ்அப் அமளிதுமளிப்பட்டது. நிலவியலாளர்கள் போய்ப் பார்த்தபோது, அவை அம்மோனைட்டுகளை, அதாவது நத்தை ஓடு போலச் சுருண்ட பழங்காலக் கடல் உயிர்களைச் சுற்றி வண்டல் திரண்டு உருண்ட கற்கள்.

சரி, நண்பரின் கல் இங்கே எடுத்ததல்ல, 'வெளிநாட்டுச் சரக்கு'. விற்றவர் ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்று, அதாவது 15 கோடி ஆண்டு பழைய ஆதிப்பறவையின் பெயரை, எழுதியே கொடுத்திருந்தார். லென்ஸை எடுக்கும் முன்பே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காரணம், அதன் கை.

வீட்டில் கோழி வெட்டும்போது இறக்கையின் நுனியைப் பாருங்கள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே எலும்பு போல ஆகியிருக்கும். ஆர்க்கியாப்டெரிக்ஸுக்கு அப்படி இல்லை. மூன்று விரல்களும் தனித்தனி, ஒவ்வொன்றிலும் நகம். வாயில் பல். வாலில் 20க்கும் மேற்பட்ட முள்ளெலும்புகள், ஓணான் வால் போல நீளமாக. இன்றைய பறவைக்கு வால் எலும்பு சுருங்கி, இறகுகள் ஊன்றி நிற்கும் ஒரு குட்டி முளையாகிவிட்டது. ஆனாலும் கோழி நெஞ்சுக்கு மேலே இருக்கும் கவட்டை எலும்பு ஆர்க்கியாப்டெரிக்ஸுக்கும் உண்டு. டைனோசர்களில் பலவற்றுக்கும் உண்டு. பறவைக்கும் டைனோசருக்கும் உள்ள உறவைச் சொல்லும் சாட்சிகளில் அதுவும் ஒன்று.

நண்பரின் 'ஆதிப்பறவை'க்குக் கையில் நகம் இல்லை, வாயில் பல் இல்லை, வால் குட்டை. மார்பில் கப்பலின் அடிக்கட்டை போல நன்றாகப் புடைத்த எலும்பு. லென்ஸ் வைத்தேன். கல்லில் ஓடிய வெடிப்பு எலும்பின் ஓரத்தோடு நின்றுவிட்டது. அசலில் கல் பிளந்தால் கூடவே எலும்பும் பிளக்கும். இறகு என்று தெரிந்ததில் தூரிகைக் கோடுகள். ஓரத்தில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தேன், பஞ்சில் பழுப்பு நிறம் இறங்கியது.

"எலும்பு நிஜம்தான் அண்ணே. கோழி எலும்பு."

அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே சிரித்துவிட்டார்.

ஏமாந்தவர் அவர் மட்டுமல்ல. 1999 நவம்பரில் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ் ஆர்க்கியோராப்டர் என்ற ஒன்றை, டைனோசருக்கும் பறவைக்கும் இடைப்பட்ட உயிர் என்று வெளியிட்டது. சீனாவின் லியாவ்னிங் பகுதியில் எடுத்த கல் அது. அமெரிக்கக் கண்காட்சியில் 80,000 டாலருக்குக் கைமாறியது. புதைபடிவம் உள்ள கல் பிளந்தால் இரு பாதியிலும் அச்சு இருக்கும். அதன் வாலுக்கு ஜோடியான மறுபாதிக் கல்லைச் சீன ஆய்வாளர் ஷூ ஷிங் கண்டபோது, அந்த வால் வேறொரு உடலோடு சேர்ந்திருந்தது. பறவையின் முன்பாதியையும் மைக்ரோராப்டர் என்னும் சிறு டைனோசரின் வாலையும் சேர்த்து ஒட்டியிருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டு துண்டுகளும் தனித்தனியே அருமையான புதைபடிவங்கள். விலை ஏறட்டும் என்று ஒட்டியதில் இரண்டும் கெட்டன.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். லண்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ஆர்க்கியாப்டெரிக்ஸ், 1861இல் ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபென் சுண்ணாம்புக் கல்லில் வெளிப்பட்டது. 1985இல் வானியலாளர் ஃபிரெட் ஹாயிலும் கூட்டாளிகளும், அதன் இறகுகள் பசை பூசிக் கோழி இறகை அழுத்தி எடுத்த அச்சு என்று கிளப்பிவிட்டார்கள். அருங்காட்சியக ஆய்வாளர்கள் கோபப்படாமல் கல்லையே பார்த்தார்கள். பிளந்த இரண்டு பாதிகளிலும், இறகுப் பகுதிக்குக் குறுக்கே மயிரிழை வெடிப்புகளும் டெண்டிரைட்டுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தின. நடுவே பசை பூசியிருந்தால் அவை பொருந்த வழியில்லை. 1986இல் வழக்கு முடிந்தது. நம் ஊரில் இலை என்று ஏமாற்றும் அதே மாங்கனீசுக் கோலம் அங்கே சாட்சி சொன்னது.

எங்கே எடுத்தது, எந்த அடுக்கு, மறுபாதி எங்கே என்ற மூன்றும் தெரியாத கல்லை வைத்து ஆய்வாளரால் அதிகம் ஒன்றும் செய்ய முடியாது. கேள்வி கேட்டு, பதில் வராவிட்டால் விலகிவிடுங்கள். அசல் என்றே வைத்துக்கொண்டாலும் சிக்கல்தான். சீனாவிலிருந்து முதுகெலும்புள்ளவற்றின் புதைபடிவங்களை அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோவது சட்டப்படி குற்றம். தனியார் கையில் போனவை ஆய்வுக்குக் கிடைக்காமலும் போகும். ஆர்க்கியாப்டெரிக்ஸ் உலகத்திலேயே ஒரு டசனுக்குச் சற்று அதிகம்தான் கிடைத்திருக்கிறது. அதில் மாக்ஸ்பெர்க் மாதிரி எனப்படும் ஒன்று, 1991இல் உரிமையாளர் இறந்த பிறகு எங்கே போனதென்றே தெரியவில்லை.

பறவைப் பரிணாமம் இந்த மலையில் பார்க்கவே முடியாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். முடியும், உயிரோடு. பழனி மலைச் சோலைக்கிளியும் நீலகிரிச் சோலைக்கிளியும் (பெயரில்தான் கிளி, சின்னக் குருவிகள்தான்) நடுவே பாலக்காட்டுக் கணவாய் இருப்பதால் வெவ்வேறு இனங்களாகப் பிரிந்தவை. 2017இல் மரபணுவைப் பார்த்து இவற்றுக்கென்றே ஷோலிகோலா என்று தனிப் பேரினப் பெயர் வைத்தார்கள், நம் சோலையை உள்ளே வைத்து.

எனக்குக் கல்லின் படம் அனுப்புகிறவர்களுக்கு: பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து எடுங்கள், அளவு தெரியும். கிடந்த இடத்தையும் சுற்றியுள்ள பாறையையும் சேர்த்து எடுங்கள். பளபளப்பாகத் தெரியட்டும் என்று எண்ணெய் தடவாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கச் சுத்தியலால் உடைக்கவும் வேண்டாம். போன மாதம் ஒருவர் உடைத்துவிட்டு இரண்டு பாதியையும் பையில் கொண்டுவந்தார். உள்ளேயும் சார்னோகைட்தான்.