கடலுக்குள் போன ஒழுங்கை: ஆள்கூற்று மாற்ற மென்பொருளில் எறிய அளவுருக்களை அமைக்கும்போது

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில் வடிகால் வேலைக்காக நாங்கள் அளந்த புள்ளிகளைச் செய்மதிப் படத்தின் மேல் போட்டுப் பார்த்தபோது, அவற்றில் பாதி ரயில் பாதையையும் தாண்டிக் கடலுக்குள் கிடந்தன. என்னுடன் வேலை செய்யும் இளைஞர் உடனே, "அண்ணை, டேட்டம் மாற்றம் போட மறந்திட்டம் போல" என்றார். டேட்டம் என்பது ஆள்கூறுகள் எந்தப் புவி வடிவத்தையும் எந்தத் தொடக்கத்தையும் வைத்து அளக்கப்படுகின்றன என்ற அடிப்படை; எங்கள் அளவைக்கும் செய்மதிப் படத்துக்கும் அது வேறு. எனவே அப்படி நினைத்தது நியாயமே. ஆனால் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் அந்த மாற்றத்துக்கான ஏழு எண்களும் அதனதன் இடத்தில் சரியாகவே இருந்தன. எண்கள் சரியாக இருந்தும் படம் பிழைத்தது ஏன் என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு அரை நாள் போனது. ஆள்கூறு மாற்றும் மென்பொருள்களைப் பயன்படுத்தும் அளவையாளர்களும் பொறியியலாளர்களும் திட்டமிடல் மாணவர்களும் அந்த அரை நாளை மிச்சப்படுத்தலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இத்தகைய மென்பொருள் எதுவாக இருந்தாலும், முதல் புள்ளியை உள்ளிடுவதற்கு முன்னரே எறியத்தின் (வளைந்த புவியைத் தட்டையான படத்துக்குக் கொண்டுவரும் கணக்கு) வகை, புவியின் வடிவத்துக்கான எலிப்சொயிட் (துருவங்களில் சற்றுத் தட்டையான கோளம்), தொடக்க அகலக்கோடு, மைய நெடுங்கோடு, தூரங்களைப் பெருக்கும் அளவுக் காரணி, சய எண்கள் வராமலிருக்கக் கிழக்குக்கும் வடக்குக்கும் கூட்டப்படும் போலி எண்கள், அலகு, டேட்டம் மாற்றம் ஆகியவற்றை நம்மிடம் கேட்டுவிடுகிறது. எதைக் கொடுத்தாலும் அது மறுப்பதில்லை. தவறான எண்ணுக்கும் மூன்று தசமத் தானம் வரை ஒரு விடையை நேர்த்தியாகத் தந்துவிடும். அந்த நேர்த்தியே ஆளை ஏமாற்றுகிறது.

இலங்கையில் இன்று நடைமுறையிலுள்ள தேசிய வலையமைப்பு எஸ்எல்டி 99 ஆகும். மென்பொருள் பட்டியல்களில் இதன் குறியீடு ஈபிஎஸ்ஜி 5235. குறுக்கு மேர்கேற்றர் எறியமான இதன் தொடக்கப் புள்ளி 7 பாகை 00 கலை 01.6975 விகலை வடக்கு, 80 பாகை 46 கலை 18.1671 விகலை கிழக்கு, அதாவது பீதுருதலாகல மலை. அளவுக் காரணி 0.9999238418, போலிக் கிழக்கும் போலி வடக்கும் தலா 500,000 மீற்றர். இதற்கு முந்திய கந்தவல டேட்டத்தின் வலையமைப்புக்கும் (ஈபிஎஸ்ஜி 5234) அதே மலைதான் தொடக்கம், அதே அளவுக் காரணிதான். ஆனால் போலி எண்கள் தலா 200,000. எனவே கொழும்பில் ஒரு புள்ளியின் கிழக்கு எண் 4 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாகவும் வடக்கு எண் 490,000 ஐ ஒட்டியும் இருந்தால் அது புதியது என்றும், கிழக்கு எண் ஓர் இலட்சத்துக்குள்ளேயே நின்றால் பழையது என்றும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். கிழக்கு 373,000 அளவிலும் வடக்கு 760,000 ஐத் தாண்டியும் இருந்தால், யாரோ உலகப் பொது வலையமைப்பான யூடிஎம்மின் 44 ஆம் வலயத்தில் வேலை செய்திருக்கிறார் என்று பொருள். இன்னும் பழைய படங்களில் மூன்று அடி கொண்ட 'யார்' என்ற அலகும் வரும். அவற்றின் போலி எண் 176,000 யார், அதாவது சரியாக 100 மைல்.

பழைய, புதிய போலி எண்களை மாற்றிப் போடுவதால் வரும் 300 கிலோமீற்றர்ப் பிழைகளைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. அவை தாமாகவே வெளியே வந்துவிடும். புள்ளி நடுக்கடலில் விழுந்தால் யாரும் அதற்குக் கையொப்பம் வைப்பதில்லை. ஒரு மீற்றர், அரை மீற்றர் பிழைகள்தாம் காணி உறுதி வரை சத்தமில்லாமல் போய்ச் சேருகின்றன. பழைய வலையமைப்பின் தொடக்க அகலக்கோடு 01.729 விகலை என முடிகிறது. அந்த எண்ணைப் புதிய வலையமைப்பில் இட்டால் எல்லாப் புள்ளிகளும் வடக்குத் தெற்காக ஏறக்குறைய ஒரு மீற்றர் நகரும். அளவுக் காரணியின் நீளத்தைப் பார்த்து அலுத்துப்போய் 0.9999 என்று சுருக்கினால், மைய நெடுங்கோட்டிலிருந்து 100 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் கொழும்பில் கிழக்கு எண்ணில் சுமார் 2.4 மீற்றர் பிழைக்கும்.

எலிப்சொயிட் பட்டியலிலும் இதே பொறி உண்டு. 'எவரெஸ்ட்' என்ற பெயரில் அங்கே ஐந்தாறு வரிகள் நிற்கும். நமக்கு வேண்டியது 1937 திருத்தம். அதன் அரைப் பேரச்சு 6,377,276.345 மீற்றர். இந்தியாவுக்கான 1956 திருத்தத்தைத் தெரிவுசெய்தால் அது 6,377,301.243 ஆகிறது. 25 மீற்றர் வித்தியாசம் பெரிதல்ல என்று தோன்றலாம். ஆனால் எறியக் கணக்கில் அது கொழும்பில் 40 சென்ரிமீற்றராகவும், தொடக்கப் புள்ளியிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீற்றர் வடக்கேயுள்ள யாழ்ப்பாணத்தில் ஒரு மீற்றருக்கு மேலாகவும் வெளிப்படும். கொழும்பு அலுவலகத்தில் அமைத்த கோப்பை அப்படியே வடக்குக்கு அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பாகை, கலை, விகலையைத் தசமமாக மாற்றாமல் 80.4618 என்று எழுதிவிடும் பழக்கத்தை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடலாம். அது 34 கிலோமீற்றர்ப் பிழை என்பதால் எப்படியும் பிடிபட்டுவிடும்.

இனி அந்த ஒழுங்கைக்கு வருகிறேன். எஸ்எல்டி 99 இலிருந்து, ஜீபிஎஸ் பயன்படுத்தும் உலக டேட்டமான டபிள்யூஜிஎஸ் 84 க்கு மாற்றும் ஏழு அளவுருக்களில் மூன்று பெயர்ச்சிகள் (-0.293, 766.95, 87.713 மீற்றர்), மூன்று சுழற்சிகள் (0.195704, 1.695068, 3.473016 விகலை), ஓர் அளவு மாற்றம் (மில்லியனுக்கு -0.039338) உள்ளன. சிக்கல் சுழற்சிகளில் இருக்கிறது. சுழல்வது புள்ளியின் திசையனா, ஆள்கூற்றுச் சட்டகமா என்பதில் உலகில் இரண்டு வழக்கங்கள் உண்டு. மென்பொருள்களில் அவை 'பொசிஷன் வெக்டர்' என்றும் 'கோஓர்டினேட் ஃப்ரேம்' என்றும் வரும். ஒன்றில் சகக் குறியோடு வரும் சுழற்சி மற்றதில் சயக் குறியோடு வரும். மேலே தந்த எண்கள் முதல் வழக்கத்துக்கு உரியவை. எங்களுக்கு வந்த அமைப்புக் கோப்பை ஓர் ஆலோசனை நிறுவனம் தயாரித்திருந்தது; அதில் எண்கள் முதல் வழக்கத்திலும் தெரிவு இரண்டாவதிலும் இருந்தன. அதனால் புள்ளிகள் ஏறக்குறைய 200 மீற்றர் மேற்கே போயின. டேட்டம் மாற்றத்தையே போடாமல் விட்டிருந்தாலும் அவை அதே திசையில் 235 மீற்றர் அளவில் போயிருக்கும். இரண்டு நோய்களுக்கும் ஒரே அறிகுறி. அந்த இளைஞர் தடுமாறியதற்கு அதுவே காரணம்.

இதைப் பிரித்தறியக் கணிப்பானே போதும். கந்தவல டேட்டத்துக்கு வெறும் மூன்று எண்களாலான எளிய மாற்றம் ஒன்று உண்டு: -97, 787, 86. இரண்டு டேட்டங்களும் மிக நெருக்கமானவை என்பதால், ஏழு எண் மாற்றம் கொழும்பில் தரும் மொத்தப் பெயர்ச்சி இந்த மூன்று எண்களுக்கு அருகில் வரவேண்டும். சரியான வழக்கத்தில் கணக்கிட்டால் -99, 785, 84 என்று வருகிறது. பிழையான வழக்கத்தில் முதல் எண் ஏறக்குறைய +98 ஆகப் புரண்டுவிடுகிறது. தாளில் அந்தச் சய 97 ஐயும் சக 98 ஐயும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்த பின்னர் எங்களுக்குச் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை.

தூரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கொழும்பில் தரையில் அளந்த ஒரு கிலோமீற்றர் தேசிய வலையமைப்பில் 1000.05 மீற்றர் அளவிலும், யூடிஎம்மில் 999.80 மீற்றர் அளவிலும் வரும். ஆகவே ஒரு படத்தை யூடிஎம்மிலும் அதனருகிலுள்ள படத்தை எஸ்எல்டி 99 இலும் வரைந்துவிட்டு, ஓட்டோகேட்டில் கையால் நகர்த்திப் பொருத்துவது சரியான வழியாகாது; ஒரு முனை பொருந்தினால் ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மறுமுனை 25 சென்ரிமீற்றர் விலகி நிற்கும், திசையும் சிறிது திரும்பியிருக்கும். உயரத்தை இந்த ஏழு எண்களால் சரிசெய்ய முயல வேண்டாம். கொழும்புக் கடற்கரையில் ஜீபிஎஸ் தரும் எலிப்சொயிட் உயரம் சய தொண்ணூறுகளில் இருப்பது இயல்பானது, அதைக் கடல் மட்ட உயரமாக்கத் தனியாக ஜியொயிட் (சராசரிக் கடல் மட்டத்தை ஒட்டிய மேற்பரப்பு) மாதிரி தேவை.

புதிய அமைப்பு எதையும் உருவாக்கியவுடன், இரண்டு முறைமையிலும் ஆள்கூறு தெரிந்த ஒரு கட்டுப்பாட்டுப் புள்ளியை உள்ளே அனுப்பி விடையைப் பார்ப்பதையும், அந்த விடையைப் பின்னோக்கி மாற்றிப் பார்ப்பதையும் நாங்கள் இப்போது தவறுவதில்லை. பின்னோக்கிய சோதனையை மட்டும் நம்பக் கூடாது. பிழையான குறியும் பின்னோக்கிச் செல்லும்போது அதே பிழையால் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்துவிடும்.

வெள்ளவத்தைக் கோப்பில் தெரிவுப் பெட்டியை ஒரு முறை மாற்றியதும் புள்ளிகள் ஒழுங்கைக்குத் திரும்பின. ஆனால் அதே அமைப்பைப் பயன்படுத்தி அதற்கு முன்னர் செய்த வேலைகளையும் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. வலையமைப்பை விட்டு வெளியே போகாத வரைபடங்கள் தப்பியிருந்தன, ஏனெனில் அவற்றில் டேட்டம் மாற்றம் நடக்கவேயில்லை. வாடிக்கையாளர் கைப்பேசியில் பார்ப்பதற்காக மாற்றி அனுப்பிய இரண்டு கோப்புகள் மட்டும் 200 மீற்றர் தள்ளி இருந்தன. அவற்றைத் திருத்தி, காரணத்தையும் எழுதி அன்று மாலையே மீண்டும் அனுப்பினோம்.