கம்பி முயலின் மேல் ஐவி தானாக ஏறாது

கம்பியை வளைத்து ஒரு முயல் உருவம் செய்து தொட்டியில் நிறுத்தி, அடியில் ஐவிக் கொடியை நட்டுவிட்டால் அது பாட்டுக்கு ஏறி மூடிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஏறாது. இத்தனைக்கும் அதன் தாவரவியல் பெயர் ஹெடெரா ஹீலிக்ஸ். ஹீலிக்ஸ் என்றால் சுருள். ஆனால் அவரை போல இது சுற்றி ஏறுவதும் இல்லை, பாகல் போல பற்றுச்சுருள் விடுவதும் இல்லை.

ஐவி ஏறுவது தண்டிலிருந்து சீப்புப் பல் மாதிரி முளைக்கும் குட்டி வேர்களால். அவை சுவரில் பட்டதும் வேர்த்தூவிகள் ஒருவிதப் பசையைச் சுரக்கும், அதிலுள்ள நுண்துகள்கள் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் புகும், அப்புறம் தூவி காய்ந்து திருகிக்கொள்ளும்போது தண்டையே சுவரோடு இழுத்துப் பிடிக்கும். மெல்லிய, வழுவழு கம்பியில் இதற்கு இடம் ஏது? போதாததற்கு, இளம் ஐவித் தண்டு வெளிச்சத்திலிருந்து விலகி இருட்டான பக்கம் போகும். மரத்தையும் சுவரையும் அது தேடிக்கொள்வது அப்படித்தான். கம்பியில் ஒதுங்க நிழலும் இல்லை. ஆக, வெற்றுக் கம்பிக் கூடு என்றால் நாம்தான் பச்சைத் தண்டாக இருக்கும்போதே வளைத்துச் சுற்றி, மெல்லிய நூலால் தளர்வாகக் கட்டவேண்டும். முற்றிய தண்டு பட்டென்று ஒடியும்.

இன்னொரு வழி, கூட்டுக்குள் ஸ்பேக்னம் பாசியை இறுக்கி அடைப்பது. எனக்குப் பிடித்தது இதுதான். அந்தப் பாசியில் பாதிக்கு மேல் செத்த, வெற்று செல்கள். சுவரில் ஓட்டைகளோடு குட்டிக் குடங்கள் மாதிரி இருக்கும், தன் எடையைப் போல் 15, 20 மடங்கு தண்ணீரைக்கூடப் பிடித்துவைக்கும். ஆனால் நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரையே ஏற்காது. முதல் தடவை நான் காய்ந்த பாசியை அப்படியே திணித்துவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினேன், அது முயலின் முதுகில் முத்து முத்தாக உருண்டு தரைக்குப் போனது. முன்கூட்டியே ஊறவைத்துப் பிழிந்துதான் அடைக்கவேண்டும். பிறகு கொடியை மேலே படரவிட்டு, இலை முளைக்கும் கணுவுக்குப் பக்கத்தில் கொண்டை ஊசி மாதிரி வளைத்த கம்பியால் குத்தி வையுங்கள். ஈரம் பட்ட கணு வேர்விடும், அதன்பின் ஊசி தேவையில்லை.

நுனியைக் கிள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழே உள்ள மொட்டுகளை அடக்கிவைக்கிறது. நுனி போனால் அவை கிளைக்கும், உரு அடர்த்தியாகும். இப்படி வெட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு. வெட்டாமல் உயரத்துக்கு விட்ட ஐவி, ஆண்டுகள் போனதும் மடல் இல்லாத இலையும் பூவுமாக, ஏறுவதையே நிறுத்தி புதராகிவிடும். வெட்டப்படும் கொடி இளசாகவே இருக்கும்.

கையுறை போடுங்கள், சாற்றிலுள்ள ‘ஃபால்கரினால்’ என்ற வேதிப்பொருள் சிலருக்குத் தோலைப் புண்ணாக்கும். தொட்டியை அவ்வப்போது திருப்பி வையுங்கள். தண்ணீர் தெளிக்கும்போது முதலில் காதுகளைப் பாருங்கள்: மெல்லியவை, உச்சியில் இருப்பவை, உடம்பு சொட்டச் சொட்ட நனைந்திருந்தாலும் காது காய்ந்துபோயிருக்கும்.