கண்ணெதிரே கிடக்கும் துப்பு ஏன் கண்ணில் படுவதில்லை?

முதலில் ஒரு கேள்வி. பெருவெள்ளத்துக்கு முன் மோசே தன் பேழையில் ஒவ்வொரு விலங்கினத்திலும் எத்தனை எத்தனை ஏற்றிக்கொண்டார்?

"இரண்டு" என்று மனசுக்குள் சொல்லியிருந்தால் நீங்கள் தனியாள் இல்லை. பேழை கட்டியவர் நோவா. எரிக்சன், மாட்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1981-ல் வெளியிட்ட ஆய்வில், நோவாவின் கதை நன்றாகத் தெரிந்தவர்களிலேயே பெரும்பாலோர் இந்தக் கேள்வியில் சறுக்கினார்கள். கேள்வியின் அழுத்தம் முழுக்க "எத்தனை" என்பதில் விழுகிறது. பெயர் பின்னால் ஒதுங்கிவிடுகிறது. மோசேயும் பைபிளில் வரும் பெரியவர்தான், அவர் கதையிலும் தண்ணீர் உண்டு. ஏறக்குறையப் பொருந்துகிறது என்றதும் மூளை மேற்கொண்டு சரிபார்க்காமல் நகர்ந்துவிடுகிறது.

நூறு ஆண்டுகளாக அலுக்காமல் ஓடும் ஒரு கதைவகை இந்த ஓட்டையின்மேல்தான் நிற்கிறது. கோஸி மிஸ்டரி என்கிறார்கள். சின்ன ஊர், ஒருவரையொருவர் அறிந்த மனிதர்கள், ரத்தம் தெறிக்காத கொலை, போலீஸ் வேலையில் இல்லாத ஒரு துப்பறிவாளர். அதன் கவர்ச்சிக்குத் தேநீரையும் பூந்தோட்டத்தையும் பூனையையும் காரணம் காட்டுவது வழக்கம். அதெல்லாம் மேல்பூச்சு. தேநீரும் பூனையும் இருந்தும் படுத்துவிடும் கதைகள் ஏராளம். ஓடுகிற கதைகளில் உள்ளே வேறொரு வேலை நடக்கிறது: தேவையான தகவல் அத்தனையும் வாசகர் கையில் கொடுக்கப்படுகிறது, ஆனால் அது பயன்படாத வடிவத்தில் கொடுக்கப்படுகிறது.

கொடுத்தே ஆக வேண்டும் என்பது இந்தக் கலையின் சட்டம். முதல் உலகப்போருக்குப் பிந்தைய பிரிட்டனில் துப்பறியும் கதை ஒரு விளையாட்டாகவே வளர்ந்தது. கத்தோலிக்கப் பாதிரியாரும் கதாசிரியருமான ரொனால்ட் நாக்ஸ் 1929-ல் பத்து விதிகள் எழுதினார். பேய் பிசாசு கூடாது, யாரும் கேள்விப்படாத விஷம் கூடாது, ஒன்றுக்கு மேல் ரகசிய அறை கூடாது, துப்பறிபவருக்குக் கிடைக்கும் துப்பு உடனே வாசகருக்கும் தெரிய வேண்டும். அடுத்த ஆண்டு லண்டனில் தொடங்கிய டிடெக்‌ஷன் கிளப்பில் சேரும் எழுத்தாளர்கள், தெய்வ வாக்கையும் தற்செயலையும் வைத்து வழக்கை முடிக்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். பாதி விளையாட்டுத்தான். ஆனால் இந்த விதிகள் இல்லாவிட்டால் மறைப்பதில் திறமைக்கே வேலையில்லை. சொல்லாமல் விட்டுவிட்டால் போதுமே.

சொல்லிவிட்டு மறைப்பது எப்படி? கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கேத்தரின் எம்மட், மார்க் அலெக்சாண்டர் ஆகியோர் அகதா கிறிஸ்டியின் எழுத்தை வாக்கியம் வாக்கியமாக அலசியிருக்கிறார்கள். எழுத்தாளர் வாசகரின் கவனத்தை எப்படி ஆழமில்லாமல் வைத்திருக்கிறார் என்பதே அவர்களுடைய கேள்வி. மோசே கேள்வியில் பெயருக்கு நேர்ந்ததுதான் இங்கே துப்புக்கு நேர்கிறது. அதை வாக்கியத்தின் முதன்மைச் செய்தியாக வைக்காமல் "போது", "என்றாலும்" என்று போகும் துணைத் தொடருக்குள் தள்ளுவது. வளவளவென்று பேசும் பாத்திரத்தின் வாயில் போடுவது. ஒரு பட்டியலின் நடுவில் செருகுவது. பட்டியலின் முதலும் கடைசியும் நினைவில் தங்கும், நடு மங்கும் என்பது நினைவாற்றல் சோதனைகளில் திரும்பத் திரும்பக் கண்டது.

ஒரு மாதிரி கட்டிப் பார்க்கலாம். நான்காம் அத்தியாயத்தில் இறந்தவரின் மேசை: "ஜாம் புட்டி, பாதி வெட்டிய எலுமிச்சைக் கேக், இரண்டு மூக்குக்கண்ணாடி, முடிக்காத குறுக்கெழுத்துப் புதிர், ஒரு கட்டுக் கடிதம்." வாசகர் கடிதக் கட்டைப் பிடித்துக்கொள்வார், ஏனென்றால் கடிதத்தில் ரகசியம் இருக்கும் என்பது அவருக்குப் பழக்கம். அடுத்த வரியிலேயே நாய் பால் ஜாடியைத் தட்டிவிடுகிறது. கண்ணாடியைப் பற்றி யோசிக்க நேரம் இல்லை. ஒன்பதாம் அத்தியாயத்தில் இறந்தவரின் சகோதரி வேறொரு பேச்சுக்கு இடையே, "எழுபது வயதிலும் அண்ணன் கண்ணாடி இல்லாமல்தான் பேப்பர் படிப்பார்" என்று பெருமைப்படுகிறார். இரண்டு தகவலும் தனித்தனியே அப்பாவி. சேர்த்தால்தான் அந்த மேசையில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தது தெரியும். நல்ல துப்பு இப்படி இரண்டு பாதிகளாகத்தான் வரும். பாதிகளுக்கு இடையே குறைந்தது நாற்பது ஐம்பது பக்கம் இருந்தால் முதல் பாதியின் சொற்கள் மங்கி, அப்படி ஏதோ படித்தோமே என்ற நிழல் மட்டும் மிஞ்சும். அந்த நிழல் அவசியம். அது இல்லாவிட்டால் கடைசியில் வாசகருக்கு எரிச்சல்தான் வரும்.

பொய்த் துப்பு வேலை செய்யும் விதம் இன்னும் சுவாரசியம். பிலாலிச், மெக்லியாட், கோபே ஆகியோர் 2008-ல் வெளியிட்ட சதுரங்க ஆய்வு ஒன்று உண்டு. தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு, எல்லோருக்கும் பழக்கமான ஒரு வெற்றி வழியும் அதைவிடச் சுருக்கமான ஒரு வழியும் உள்ள நிலைகளைக் கொடுத்தார்கள். பழகிய வழியைக் கண்டவர்கள், இன்னும் நல்லதைத் தேடிக்கொண்டிருப்பதாகத்தான் சொன்னார்கள். கண்ணசைவைப் பதிவு செய்தபோது பார்வை பழைய வழியின் கட்டங்களுக்கே திரும்பித் திரும்பிப் போனது தெரிந்தது. கடனில் மூழ்கிய மருமகனை மூன்றாம் அத்தியாயத்தில் நமக்குக் காட்டுவது இதற்குத்தான். அவன்மேல் சந்தேகம் விழுந்துவிட்டால் பிறகு வரும் எல்லாமே அவனுக்குச் சாதகமா பாதகமா என்றே படிக்கப்படும். மற்றவர்கள் நம் கண்முன்னாலேயே நடமாடிவிட்டுப் போய்விடுவார்கள்.

சந்தேக நபர்கள் எத்தனை பேர் என்பதில் கை தவறினால் இதெல்லாம் வீண். ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்துக் கையாளக்கூடியவை நான்கு சொச்சம் என்பது உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-ல் சொன்ன கணக்கு. மூன்று பேர் என்றால் குருட்டு ஊகமே மூன்றில் ஒரு தடவை பலிக்கும். பத்துப் பேர் என்றால் வாசகர் பெயர்களைக் குழப்பிக்கொண்டு முன்பக்கம் புரட்டுவார். ஐந்து முதல் ஏழு பேர், ஆளுக்கு ஒரு தொழில், ஒரு மனக்குறை, கொலை நேரத்தில் இருந்ததாகச் சொல்லும் ஓர் இடம் என்ற அளவு சரியாக உட்காரும். நான்கை விடக் கொஞ்சம் அதிகம் என்பதால் யாராவது ஒருவர் எப்போதும் நினைவிலிருந்து நழுவிக்கொண்டே இருப்பார். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ல் பொது அறிவுக் கேள்விகளை வைத்துக் கண்டதும் இதற்கு ஒத்துப்போகிறது: விடை சுத்தமாகத் தெரியாதபோதும் ஆர்வம் குறைவு, உறுதியாகத் தெரிந்தபோதும் குறைவு. தெரிந்த மாதிரியும் தெரியாத மாதிரியும் இருக்கும்போதுதான் உச்சம். ஏழு பேரில் இருவர்மேல் அரைகுறைச் சந்தேகத்தோடு வாசகரை நூறு பக்கம் நடத்திச் செல்வதே எழுத்தாளரின் வேலை.

கொலைக்கு விஷத்தை ஏன் இவ்வளவு விரும்புகிறார்கள்? ரத்தம் இல்லை என்பது சின்னக் காரணம். பெரிய காரணம், விஷம் செயலையும் சாவையும் பிரித்துவிடுகிறது. துப்பாக்கி என்றால் சுட்டபோது யார் எங்கே என்று கேட்டால் பாதி வழக்கு முடிந்தது. விஷத்தைக் காலையில் கலந்துவிட்டு மாலையில் நாற்பது மைல் தள்ளி ஒரு விருந்தில் இருக்கலாம். வீட்டுக்குள் வந்துபோகும் எல்லோரும் பட்டியலில் நிற்பார்கள்.

(அகதா கிறிஸ்டியின் முதல் நாவலைப் படிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

முதல் உலகப்போரின்போது இங்கிலாந்தின் டார்க்கி நகரில் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்த கிறிஸ்டி, 1917-ல் மருந்தாளுநர் உதவியாளர் தேர்வில் தேறியவர். 1920-ல் வெளிவந்த முதல் நாவலில் அந்த அறிவைத்தான் பயன்படுத்தினார். அந்நாளில் ஸ்ட்ரிக்னின் என்ற கொடிய விஷத்தைச் சிறிதளவு கரைத்து டானிக்காகக் கொடுப்பார்கள். அதில் புரோமைடு உப்பைச் சேர்த்தால், அதிகம் கரையாத ஸ்ட்ரிக்னின் புரோமைடு உண்டாகிப் படிகமாகப் புட்டியின் அடியில் தங்கும். குலுக்காமல் ஊற்றிக் குடிப்பவருக்கு முதல் வேளைகளில் ஒன்றும் ஆகாது. அடியில் சேர்ந்த அத்தனையும் கடைசி வேளையில் போய்ச் சேரும். ஸ்ட்ரிக்னின் கடுங்கசப்பு, ஆனால் டானிக்கே கசப்பு என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தூக்க மருந்தாக வாங்கிய புரோமைடுப் பொடியின் பெட்டி கதையில் வெளிப்படையாகவே காட்டப்படுகிறது. வேதியியல் தெரிந்த வாசகருக்கு அது போதும், மற்றவர்களுக்கு அது வெறும் பெட்டி.

இந்தத் துல்லியம் ஒருமுறை உயிரையும் காப்பாற்றியிருக்கிறது. தாலியம் விஷத்தை மையமாக வைத்து கிறிஸ்டி 1961-ல் எழுதிய நாவலை, லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் ஒரு செவிலியர் 1977-ல் படித்துக்கொண்டிருந்தார். நோய் என்னவென்று பிடிபடாமல் கிடந்த ஒரு குழந்தைக்கு முடி கொட்டுவதைப் பார்த்து, தாலியமாக இருக்குமோ என்று அவர்தான் கேட்டார். சோதனையில் அதுவே உறுதியானது.

சரி, துப்பறிபவர் ஏன் போலீஸாக இருக்கக்கூடாது? போலீஸ் வந்தால் ஆய்வகம் வரும், செல்பேசிப் பதிவு வரும், வாசகரால் தொட முடியாத சான்றுகள் வரும். போட்டி சமமில்லாமல் போகும். போலீஸ் கேள்வி கேட்டால் ஆட்கள் அளந்து பேசுவார்கள், பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் அளக்காமல் பேசுவார்கள். வாசகருக்கும் அந்தப் பாட்டிக்கும் கிடைப்பது ஒரே பொருள்: பேச்சு.

கிறிஸ்டி படைத்த அப்படிப்பட்ட பாட்டி மிஸ் மார்ப்பிள் 1927-ல் ஒரு சிறுகதையில் அறிமுகமானார், பிறகு 12 நாவல்கள். அவருடைய முறையைச் சாதாரணமாக எடைபோட்டுவிடக்கூடாது. புதிதாக ஒருவரைச் சந்தித்ததும் தன் செயின்ட் மேரி மீட் கிராமத்தில் பார்த்த ஒரு கடைப் பையனையோ வேலைக்காரப் பெண்ணையோ நினைத்துக்கொள்வார், இவரும் அந்த மாதிரி என்று முடிவுகட்டுவார். சேஸ், சைமன் ஆகியோர் 1973-ல் சதுரங்க வல்லுநர்களிடம் கண்டதும் ஏறக்குறைய இதுதான். உண்மையான ஆட்டத்தில் வரும் நிலையை 5 விநாடி பார்த்துவிட்டு அவர்களால் திரும்ப அடுக்க முடிந்தது, காய்களைக் கண்டபடி வைத்தபோது அந்தத் திறமை பெரும்பாலும் காணாமல் போனது. வல்லமை பொதுவான புத்திக்கூர்மையில் இல்லை, சேர்த்து வைத்த மாதிரிகளில் இருக்கிறது. நிஜ வாழ்க்கையில் இந்த முறை ஆபத்து. ஜாடை ஒத்துப்போகிறது என்று ஆளைப் பிடித்தால் நிரபராதிதான் மாட்டுவார். கதையில் ஊரைப் படைத்ததும் குற்றவாளியைப் படைத்ததும் ஒரே கை என்பதால் பலிக்கிறது.

1984-ல் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரிஸ் டிஎன்ஏ அடையாள முறையைக் கண்டுபிடித்ததோடு இந்த வகை செத்திருக்க வேண்டும் என்று தோன்றலாம். சாகாததற்குக் காரணம் களம். வீட்டு ஆட்களின் கைரேகையும் தலைமுடியும் அந்த வீட்டில் இருப்பது இயல்பு. அவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதை ஆய்வகம் சொல்லும், அது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும். யார் செய்தது என்பது பழையபடி பேச்சுக்கும் நேரக்கணக்குக்கும் வந்து நிற்கிறது. வெளியாள் வந்து கொன்ற கதையில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால்தான் பூட்டிய வீடும் பனியில் சிக்கிய விடுதியும் விடாமல் வந்துகொண்டிருக்கின்றன.

எழுதுகிறவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: விடை தெரிந்தவருக்குத் துப்பின் கனம் தெரியாது. ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் 1990-ல் செய்த சோதனையில், ஒருவர் பிரபலமான பாடலின் தாளத்தை மேசையில் தட்ட, எதிரில் இருப்பவர் பாடலைச் சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாடல்களில் பிடிபட்டவை 3. தட்டுபவருக்கு உள்ளே ராகம் ஓடிக்கொண்டிருக்கிறது, கேட்பவருக்கு டொக்கு டொக்குதான். கையெழுத்துப் பிரதியைக் கதை தெரியாத நாலைந்து பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு கால் பங்கிலும் யார்மேல் சந்தேகம் என்று எழுதி வாங்குவதைத் தவிர இதற்கு மருந்தில்லை. கொலையாளியின் பெயரை எல்லோரும் பாதியிலேயே எழுதினால் துப்பு கனம். யாருமே எந்தக் கட்டத்திலும் எழுதாவிட்டால் அதுவும் கோளாறுதான். முதல் கால் பங்கில் அந்த ஆள் போதுமான அளவு மேடையில் இல்லை என்று பொருள்.

தேர்ந்த வாசகர்கள் துப்பைப் பார்ப்பதே இல்லை, வழக்கத்தைப் பார்க்கிறார்கள். யார் ரொம்ப நல்லவர், யாருக்குக் காரணமே இல்லாமல் இரண்டு பக்க வர்ணனை என்று கணக்குப் போடுவார்கள். அவர்களை வீழ்த்தப் பழைய உத்தி ஒன்று உண்டு. கொலையாளியை ஐந்தாம் அத்தியாயத்திலேயே வலுவாகச் சந்தேகிக்க வைத்து, ஏழாம் அத்தியாயத்தில் அசைக்க முடியாத சாட்சியத்தோடு விடுவித்துவிடுவது. விடுவிக்கப்பட்டவரிடம் மனம் திரும்பிப் போவதில்லை. அந்தச் சாட்சியத்தில்தான் ஓட்டை இருக்கும், பெரும்பாலும் கடிகாரத்தில்.

முடிவு தெரிந்த பிறகும் இவற்றைத் திரும்பப் படிக்கிறார்களே, அது எப்படி? கலிஃபோர்னியா சான் டியாகோ பல்கலைக்கழகத்தின் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் 2011-ல் 12 சிறுகதைகளை வைத்துச் சோதித்தபோது, முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டால் சுவை குறையவில்லை, சற்றுக் கூடியது. மர்மக் கதைகளிலும் அப்படியே. பின்னால் வந்த ஆய்வுகள் சில இதற்கு எதிராகவும் பேசுகின்றன, ஆகவே ஒரேயடியாகச் சத்தியம் செய்ய வேண்டாம். ஆனால் இரண்டாம் வாசிப்பில் கிடைப்பது வேறு சுகம் என்பதில் சந்தேகமில்லை: அந்த இரண்டு மூக்குக்கண்ணாடி மேசையில் கிடப்பதை இப்போது பார்க்கலாம்.

தொடராக எழுதும்போது ஒரு நடைமுறைச் சிக்கல் முளைக்கும். 1984 முதல் 1996 வரை 264 பகுதிகள் ஓடிய 'மர்டர், ஷி ரோட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், மெய்ன் மாநிலத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் கேபட் கோவ் என்ற கற்பனை ஊரில் பிணங்கள் விழுந்துகொண்டே இருந்ததால், சின்ன ஊருக்குப் பொருந்தாத கொலைக் கணக்குக்கே அந்த ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது. எட்டாவது பருவத்தில் கதாநாயகிக்கு நியூயார்க்கில் ஒரு குடியிருப்பு எடுத்துக் கொடுத்தார்கள். மார்ப்பிளைக் கிறிஸ்டி அதற்கு வெகு காலம் முன்பே லண்டன் விடுதிக்கும் கரீபியத் தீவுக்கும் பேருந்துச் சுற்றுலாவுக்கும் அனுப்பி வைத்திருந்தார்.