பிரம்மாண்டம்: முட்டைக்குள்ளிருந்து வந்த சொல்

'பெரியது' என்றால் போதவில்லை என்று தோன்றும் இடத்தில் நாம் எடுக்கும் சொல் பிரம்மாண்டம். பிரித்தால் பிரம்மன், அண்டம் என இரண்டு வடசொற்கள். அண்டம் என்றால் முட்டை. முட்டையில் பிறக்கும் உயிர்களை அண்டசம் என்பதும் இதனால்தான். தொடக்கத்தில் உலகம் முழுவதும் ஒரு முட்டைக்குள் அடங்கியிருந்தது, அதிலிருந்து பிரம்மன் தோன்றினான் என்பது புராணக் கதை. ஆக, பிரம்மாண்டம் முதலில் ஒரு பொருளின் பெயர், அதாவது இந்த உலகப் பரப்பு முழுவதும். 18 புராணங்களில் ஒன்றின் பெயரே பிரம்மாண்ட புராணம். எல்லாவற்றையும் உள்ளே வைத்திருப்பதைவிடப் பெரியது வேறென்ன இருக்க முடியும்? உலகத்தின் பெயர் அளவின் பெயரானது அப்படித்தான்.

பிரமாண்டம் என்று எழுதினாலும் பிழையில்லை. தமிழில் பிரமன் என்பதும் வழக்குதானே. ஆனால் பிரமாதம் இதற்கு உறவே இல்லாத சொல். வடமொழியில் அதற்குத் தவறு, கவனக்குறைவு என்று பொருள். தமிழுக்கு வந்தபின் அது பாராட்டாக மாறியது எனக்கு இன்றும் வியப்புதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஒரே சொல்லைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். தமிழ், அளவின் பெருமையைத் தனியாக நிறுத்தாமல் பொருளோடு ஒட்டிச் சொல்கிறது. மெய்யெழுத்து ஒலிக்கு முன் பெரு: பெருங்கடல், பெருமழை, பெருந்திரள். உயிருக்கு முன் பேர்: பேரலை, பேருருவம். மா சேர்ந்தால் மாமலை, மாநகர். பிரம்மாண்டமான வெற்றியை மாபெரும் வெற்றி என்றும், பிரம்மாண்டமாக நடந்ததைப் பேரளவில் நடந்தது என்றும் எழுதலாம். கட்டடம் என்றால் வானளாவிய கட்டடம்.

இன்னும் பழைய சொற்களும் உண்டு. 'தடவும் கயவும் நளியும் பெருமை' என்கிறது தொல்காப்பிய உரியியல். இதில் தட என்பதைத் தடக்கை, தடந்தோள் என்று இன்றும் புரிந்துகொள்கிறோம். நளி எனக்கு மிகவும் பிடித்த சொல். அதற்குச் செறிவு என்ற பொருளும் இருப்பதால், 'நளியிரு முந்நீர்' என்று புறநானூறு பாடும்போது கடலின் பரப்போடு நீரின் அடர்த்தியும் சேர்ந்தே தெரிகிறது. பிரம்மாண்டத்தில் இது கிடைக்காது. கய மட்டும் ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது.

அப்புறம், அண்டம் நம்மை விட்டுப் போய்விடவில்லை. அறிவியல் எழுதும்போது பால்வெளிகள் அனைத்தையும் சேர்த்துப் பேரண்டம் என்கிறோம். பிரம்மன் இருந்த இடத்தில் இப்போது 'பேர்' இருக்கிறது. முட்டை அப்படியே இருக்கிறது.